ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி? ஐந்து பாடவேளைகளில் ஒரு வழிகாட்டும் பாடம்

ஐந்தாம் வகுப்பின் கடைசி மாதங்களில் நாம் பாடத்தை முடிப்பதிலும் தேர்வு நடத்துவதிலும் பதிவேடுகளைச் சரிசெய்வதிலும் மூழ்கியிருப்போம். அதே நாள்களில் நம் மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. ஜூன் மாதம் பிள்ளை எந்தப் பள்ளி வாசலில் நிற்கப் போகிறது என்பதுதான் அந்த முடிவு. பெரும்பாலும் அது ஒரே ஓர் இரவுப் பேச்சில் முடிந்துவிடுகிறது. அதில் ஆசிரியருக்கு இடமில்லை, பிள்ளைக்கும் இடமில்லை. ஆனால் அந்த ஒரு முடிவு, ஏழு ஆண்டுகள் கழித்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும்போது எந்தக் கதவு திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி 5ஆம் வகுப்போடும், நடுநிலைப் பள்ளி 8ஆம் வகுப்போடும், உயர்நிலைப் பள்ளி 10ஆம் வகுப்போடும் முடிகின்றன. ஆகவே ஒரு மாணவர் மூன்று இடங்களில் பள்ளி மாற வேண்டி வரலாம். இம்மூன்றில் முதல் மாற்றமே முக்கியமானது. ஆனால் அதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். பன்னிரண்டாம் வகுப்புக்கு ‘நான் முதல்வன்’, ‘கல்லூரிக் கனவு’ என்று வழிகாட்டுதல் உண்டு. ஐந்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர்தான் வழிகாட்டி.

தென்சென்னைக் கடற்கரையில் உள்ள ஊரூர் ஒல்காட் குப்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த முடிவை எப்படி ஒரு வகுப்பறைப் பாடமாக மாற்றலாம் என்பதை இக்கட்டுரை பகிர்ந்துகொள்கிறது. தங்கள் பகுதி மலைக் கிராமமாக இருக்கலாம், நெசவாளர் தெருவாக இருக்கலாம். ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டால் பாடம் பொருந்தும்.

பெயரிலேயே பள்ளி உள்ள ஊர்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையின் வடக்கு முனையில், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, ஊரூர் குப்பமும் ஒல்காட் குப்பமும் அடுத்தடுத்து இருக்கின்றன. மீன்பிடித் தொழிலை நம்பிய குடும்பங்கள் வாழும் ஊர்கள் இவை. ஒல்காட் என்ற பெயர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட்டைக் குறிக்கிறது. 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபையின் முதல் தலைவர் அவர். 1882இல் சபையின் தலைமையிடம் அடையாற்றுக்கு வந்தது. 1894இல் அவர் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அன்று ‘பஞ்சமர்’ என்று ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் பிள்ளைகளுக்கான பள்ளி அது. இன்று அது ஒல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளியாகத் தொடர்கிறது.

அதே பகுதியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆதரவற்ற பெண்களுக்காக நிறுவிய அவ்வை இல்லமும் இருக்கிறது. அதைச் சார்ந்து பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் நடக்கிறது.

இந்த இரண்டு வரலாறுகளையும் மாணவர்களுக்குச் சொல்வதில் ஒரு பயன் உண்டு. 130 ஆண்டுகளுக்கு முன் எளிய குடும்பங்களின் முன்னால் இருந்த கேள்வி ‘எந்தப் பள்ளியில் சேர்ப்பது’ என்பதன்று. ‘எந்தப் பள்ளி நம் பிள்ளையை உள்ளே விடும்’ என்பதே. தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அதை விவரம் தெரிந்து பயன்படுத்த வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இந்த வரலாற்றிலிருந்தே புரிந்துகொள்வார்கள்.

வீட்டில் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது?

பெற்றோரோடு பேசும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் காரணங்கள் சில உண்டு.

முதலாவது, துணை. ‘பக்கத்து வீட்டுப் பொண்ணு போற ஸ்கூல்லயே இதையும் சேத்துடுங்க டீச்சர், ரெண்டும் ஒண்ணா போய் வரும்’ என்பது அடிக்கடி காதில் விழும் பேச்சு. இதை அலட்சியமாக நினைக்கக் கூடாது. விடியும் முன் படகு கிளம்புகிறது. மீனோடு கரை திரும்பினால் அம்மா கூடையோடு விற்கப் போகிறார். காலை எட்டு மணிக்குப் பிள்ளையைக் கைபிடித்து அழைத்துப் போக வீட்டில் ஆள் இல்லை. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தத் துணை இன்னும் பெரிய காரணமாகிறது.

இரண்டாவது, அண்ணன் அக்கா படித்த பள்ளி. தெரிந்த வாசல், தெரிந்த ஆசிரியர், வீட்டில் இருக்கும் பழைய சீருடை.

மூன்றாவது, இங்கிலீஷ் மீடியம். பெசன்ட் நகரில் தினமும் கண்முன்னே தனியார் பள்ளிப் பேருந்துகள் போய்வருகின்றன. ‘நாமதான் கடல்ல கஷ்டப்படுறோம், அதுவாவது டை கட்டிப் போகட்டும்’ என்ற ஆசை நியாயமான ஆசை. அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் உண்டு என்பது பல பெற்றோருக்குத் தெரியவில்லை.

நான்காவது, சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கானது. 2022 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவடைந்தது. ஆறாம் வகுப்பில் மதிய உணவு தொடரும். ஆனால் காலை ஏற்பாட்டை வீடு செய்தாக வேண்டும். பள்ளி தூரமானால் இன்னும் முன்னதாகவே செய்ய வேண்டும்.

ஐந்தாவது, கையில் பணம் இருக்கும் காலம். மீனவர் வீட்டு வருமானம் மாதச் சம்பளம் போல வருவதில்லை. மீன்பாடு நன்றாக இருக்கும் வாரத்தில் கட்டணம் கட்டிச் சேர்த்துவிடுகிறார்கள். அடுத்த தவணை வடகிழக்குப் பருவமழையில், கடலுக்குப் போக முடியாத நாள்களில் வந்து நிற்கிறது.

இந்தக் காரணங்களில் எதுவும் தவறில்லை. இவை அனைத்தும் ஜூன் மாதத்தைப் பற்றிய காரணங்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஏழு ஆண்டுக்குப் பிறகு என்ன ஆகும் என்ற காரணம் இந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சேர்ப்பதே ஆசிரியரின் வேலை.

வீட்டுக்குத் தெரிய வேண்டிய விதிகள்

1. 7.5 சதவீத முன்னுரிமை. 2020இல் இயற்றப்பட்ட சட்டப்படி மருத்துவப் படிப்புகளிலும், 2021 சட்டப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடங்கள் உண்டு. இதற்கு 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்கா. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இது பொருந்தும். இந்த ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

2. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவ்விரு திட்டங்களின் பயன் உண்டு.

3. தமிழ் வழி முன்னுரிமை. அரசுப் பணி நியமனங்களில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பின், பட்டப்படிப்பு மட்டும் தமிழ் வழியில் இருந்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். ஆகவே ஆறாம் வகுப்பில் பயிற்று மொழியை மாற்றுவது சிறு விஷயமன்று. மாற்ற வேண்டாம் என்று நாம் சொல்லத் தேவையில்லை, தெரிந்து மாற்றட்டும்.

4. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் 8ஆம் வகுப்பு படிப்போர் எழுதலாம். தேர்ச்சி பெற்றால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும்.

5. சேர்க்கையின்போதுள்ள உரிமைகள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, நன்கொடை வாங்குவதையும் நுழைவுத் தேர்வு நடத்துவதையும் தடை செய்கிறது. 5ஆம் பிரிவின்படி மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியது. அதே சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீடு நுழைவு வகுப்புக்கு மட்டுமே உரியது. ஆறாம் வகுப்பில் அந்த வழியாகச் சேர்க்கலாம் என்று காத்திருக்கும் பெற்றோரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்த விதிகள் மாறக்கூடியவை. ஆண்டுதோறும் பெற்றோரிடம் சொல்லும் முன் அந்த ஆண்டின் அரசாணையைத் தலைமையாசிரியரோடு சேர்ந்து சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இதன் விளைவை ஒரு கணக்காகப் பார்ப்போம். ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு மாணவியர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாணவி 6, 7, 8 வகுப்புகளை ஒரு சிறு தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிப் படிக்கிறாள். ஆண்டுக்கு ரூ.20,000 என்று கொண்டால் மூன்று ஆண்டில் ரூ.60,000. பிறகு கட்ட முடியாமல் 9ஆம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வருகிறாள். இரண்டாமவள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பில் இருவரும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து ஒரே மதிப்பெண் பெறுகிறார்கள். மீன்வளப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டாமவளுக்கு 7.5 சதவீத வழி இருக்கிறது. முதல் மாணவிக்கு இல்லை. நான்காண்டுப் படிப்பில் சேர்ந்தால் இரண்டாமவளுக்குப் புதுமைப் பெண் உதவித்தொகை மட்டும் ரூ.48,000 வரை கிடைக்கும். முதல் மாணவிக்குக் கிடைக்காது. அந்த வீடு ரூ.60,000 செலவழித்து அந்த உரிமையை இழந்திருக்கிறது. பத்து வயதில் எடுத்த முடிவு பதினேழு வயதில் வந்து நிற்பது இப்படித்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கட்டணம் கட்டினால் படிப்பு நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையை நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் செய்த அந்த ஆய்வு 2015இல் வெளியானது. அரசுப் பள்ளி மாணவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் உதவித்தொகையோடு தனியார் பள்ளிக்குச் சென்றார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சோதித்தபோது தெலுங்கிலும் கணிதத்திலும் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. இந்தியில் தனியார் பள்ளி மாணவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு மாணவருக்கு அந்தத் தனியார் பள்ளிகள் செய்த செலவு அரசு செய்யும் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதையும் அதே ஆய்வு காட்டியது. கட்டணம் தரத்துக்குச் சான்று ஆகாது என்பது பெற்றோருக்கான செய்தி. அந்தச் செலவுக் கணக்கு நமக்கான செய்தி. இரண்டையும் நேர்மையாக ஏற்க வேண்டும்.

இன்னோர் ஆய்வு பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் நடந்தது. 112 கிராமங்களில் பாதியில், ஊரிலுள்ள எல்லாப் பள்ளிகளின் தேர்வு நிலையையும் தம் பிள்ளையின் நிலையையும் காட்டும் எளிய அறிக்கை அட்டை பெற்றோருக்குக் கொடுக்கப்பட்டது. தாஹிர் அந்த்ராபி, ஜிஷ்ணு தாஸ், ஆசிம் குவாஜா ஆகியோரின் இந்த ஆய்வு 2017இல் வெளியானது. அட்டை கொடுத்த கிராமங்களில் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. தனியார் பள்ளிக் கட்டணம் 17 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. புதிய கட்டடமோ புதிய ஆசிரியரோ வரவில்லை. பெற்றோர் கையில் ஒரு தாள் வந்தது, அவ்வளவுதான். கீழே வரும் பாடம் அந்தத் தாளை நம் மாணவர்களே தயாரிக்கும் பாடம்.

ஐந்து பாடவேளைகள்

ஐந்தாம் வகுப்புக்குப் பிப்ரவரி அல்லது மார்ச்சில் நடத்தலாம். தமிழ், கணிதம், சமூக அறிவியல் மூன்றுக்கும் இதில் வேலை உண்டு. எட்டாம் வகுப்புக்கும் சிறு மாற்றத்தோடு பொருந்தும்.

முதல் பாடவேளை: வரைபடம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாடு விதிகளின்படி 1 முதல் 5 வகுப்புகளுக்கு 1 கி.மீ., 6 முதல் 8 வகுப்புகளுக்கு 3 கி.மீ. தொலைவுக்குள் பள்ளி இருக்க வேண்டும். அளவுத் திட்டத்தோடு கூடிய பகுதி வரைபடத்தில் வீட்டை மையமாக வைத்து, கவராயத்தால் 3 கி.மீ. வட்டம் போடச் சொல்லுங்கள். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் போட்டால் வட்டத்தில் ஏறக்குறைய பாதி கடல்! வடக்கே முகத்துவாரத்தில் உடைந்த பாலம். 1977இல் உடைந்தது இன்னும் அப்படியே நிற்கிறது. அக்கரையில் சீனிவாசபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் போக வேண்டுமானால் அடையாறு திரு.வி.க. பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். வரைபடத்தில் அளக்கும் நேர்க்கோட்டுத் தொலைவு வேறு, கால் நடக்கும் தொலைவு வேறு என்ற கருத்து இங்கே மாணவர்களுக்குத் தானாகப் புரிந்துவிடும். பிறகு வட்டத்துக்குள் இருக்கும் பள்ளிகளைக் குறிக்க வேண்டும்: அரசு அல்லது மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி. மூன்றுக்கும் மூன்று நிறம்.

இரண்டாம் பாடவேளை: அறிமுகத் தாள். குழுவுக்கு ஒரு பள்ளி. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரே பக்கம், ஒரே கேள்விகள்.

– எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை உள்ளது?
– அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, தனியார் பள்ளியா?
– தமிழ் வழியா, ஆங்கில வழியா, இரண்டுமா?
– இருபாலரும் படிக்கும் பள்ளியா?
– ஆண்டு முழுவதற்கும் ஆகும் மொத்தச் செலவு எவ்வளவு? (கட்டணம், வேன், சீருடை, புத்தகம்)
– நடந்து போனால் எத்தனை நிமிடம்? எத்தனை பெரிய சாலைகளைக் கடக்க வேண்டும்?
– கழிப்பறை, குடிநீர், விளையாட்டு இடம், ஆய்வகம் எப்படி உள்ளன?
– மதிய உணவு உண்டா?
– மேல்நிலை வகுப்பு இருந்தால் என்னென்ன பாடப் பிரிவுகள் உள்ளன?
– நம் தெருவிலிருந்து அங்கே படிக்கும் அண்ணன், அக்கா யார்?

தெரியாத கேள்விக்கு மாணவர்கள் ஊகித்து எழுதக் கூடாது. ‘கேட்க வேண்டும்’ என்று எழுதி விட்டுவிடட்டும்.

மூன்றாம் பாடவேளை: நேர்காணல். தாளில் விடுபட்ட கேள்விகளோடு, அந்தப் பள்ளிகளில் 7, 8, 9 வகுப்புகள் படிக்கும் நம் முன்னாள் மாணவர்களை ஒரு மாலை வரவழைக்கலாம். பள்ளியின் பெயர்ப் பலகை சொல்லாத பல செய்திகளை இவர்கள் சொல்வார்கள். எந்தச் சாலை பயமாக இருக்கும், எந்தப் பேருந்தில் ஏற இடமே கிடைக்காது, முதல் மாதம் எந்தப் பாடம் புரியாது என்பதெல்லாம் தெரியவரும். கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைப்பது, மரியாதையாகக் கேட்பது, பதிலைக் குறிப்பெடுப்பது ஆகியவை தமிழ்ப் பாடத்தின் கற்றல் விளைவுகளோடு நேராக இணைகின்றன. ஒரு பள்ளியைப் பற்றிக் குறை பேசும் மேடையாக இது மாறாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. ‘எனக்குப் பிடித்தது ஒன்று, கடினமாக இருந்தது ஒன்று’ என்ற வரையறை வைத்தால் பேச்சு ஒழுங்காக நடக்கும்.

நான்காம் பாடவேளை: கணக்கு. ஓர் ஆண்டுச் செலவை 7ஆல் பெருக்கினால் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான செலவு. ஆனால் மேல்வகுப்பில் கட்டணம் உயரும் என்பதால் உண்மைச் செலவு அதைவிடக் கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். பயண நேரத்தையும் இப்படியே கணக்கிடலாம். போக வர ஒரு நாளைக்கு 80 நிமிடம் என்றால் 200 பள்ளி நாள்களுக்கு 16,000 நிமிடம், அதாவது 266 மணி நேரத்துக்கு மேல். அதில் எத்தனை புத்தகம் படிக்கலாம், எத்தனை ஆட்டம் ஆடலாம் என்று பிள்ளைகளே சொல்வார்கள். தவணை கட்ட வேண்டிய மாதங்களையும், கடலுக்குப் போக முடியாத மாதங்களையும் ஒரே நாட்காட்டியில் குறிக்கச் செய்தால், எந்த மாதம் வீட்டுக்கு இடிக்கும் என்பது தெரியும். குடும்ப வருமானத்தை வகுப்பில் யாரும் சொல்ல வேண்டியதில்லை; பொதுவான ஓர் எடுத்துக்காட்டுக் குடும்பத்தை வைத்தே இதைச் செய்ய வேண்டும்.

ஐந்தாம் பாடவேளை: வரிசை. ஒவ்வொரு மாணவரும் தமக்குப் பிடித்த மூன்று பள்ளிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுத வேண்டும். நியூயார்க் நகரில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்தித் தருகிறார்கள். 2003இல் அந்த வரிசையைக் கையாளும் முறையைப் பொருளியல் அறிஞர்கள் மாற்றியமைத்தபோது, கேட்காத பள்ளியில் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 30,000இலிருந்து 3,000 அளவுக்குக் குறைந்தது. அப்பணியில் முக்கியப் பங்காற்றிய ஆல்வின் ராத் 2012இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். நமக்கு அத்தனை பெரிய ஏற்பாடு தேவையில்லை. ‘முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் அடுத்தது எது’ என்று வீடு முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தால் போதும். சேர்க்கை முடிந்துவிட்டது என்று ஒரு பள்ளி சொன்னதும் பிள்ளை ஆகஸ்ட் வரை வீட்டில் இருந்துவிடும் நிலை வராது.

இந்தத் தாள் மாணவரின் கையெழுத்தில் வீட்டுக்குப் போகட்டும். பத்து வயதுப் பிள்ளை எழுதிய காரணத்தைப் படித்த பிறகு வீட்டில் நடக்கும் பேச்சு வேறு விதமாக இருக்கும்.

பெற்றோர் கூட்டம்: எங்கே, எப்போது?

காலை பத்து மணிக்குப் பள்ளியில் கூட்டம் என்றால் குப்பத்தில் பாதிப் பேர் வர முடியாது. மீன் ஏலமும் விற்பனையும் நடக்கும் நேரம் அது. விளக்கு வைத்த பிறகு, ஊரிலேயே, கோயில் வாசலிலோ வலை சீர்செய்யும் கொட்டகையிலோ நடத்தினால் அப்பாக்களும் வருவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவரும் ஊர்ப் பெரியவர்களும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் சேரும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகில் வேலைக்குப் போகும் ஆண்கள் ஊரில் இருக்கும் நாள்கள் அவை. சேர்க்கை நடக்கும் காலமும் அதுவே.

கூட்டத்தில் நாம் பேசுவது பத்து நிமிடம் போதும். விதிகளை ஐந்து வரியில் சொல்லிவிட்டு, மாணவர்கள் செய்த அறிமுகத் தாள்களைச் சுவரில் ஒட்டிவிடலாம். பிள்ளைகளே நின்று விளக்கட்டும். எந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று நாம் சொல்லக் கூடாது. அரசுப் பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு நம் பள்ளிகள் மீது பற்று இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் முடிவு வீட்டினுடையது. தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுத்த பெற்றோரிடமும் அதே மரியாதையோடு பேசினால்தான், நாளை சிரமம் வரும்போது அவர்கள் தயக்கமின்றி நம்மிடம் வருவார்கள்.

மாற்றுச் சான்றிதழோடு முடிவதில்லை

மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் மாணவர் பெயர் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையின் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. ஜூன் மாத இறுதியில் நம் பழைய ஐந்தாம் வகுப்பின் பெயர்ப் பட்டியலை எடுத்து, யார் பெயர் இன்னும் பொதுத் தொகுப்பிலேயே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படி நிற்கும் ஒவ்வொரு பெயரும் எந்தப் பள்ளியிலும் இல்லாத ஒரு பிள்ளை. தொலைபேசியில் கிடைக்காவிட்டால் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும்: ஆதார் அட்டையில் பெயர்ப் பிழை, சாதிச் சான்றிதழ் வரவில்லை, கூடப் போக ஆள் இல்லை. அதற்கான தீர்வும் சிறியதுதான். ஆனால் கவனிக்காமல் விட்டால் இடைநிற்றலில் போய் முடியும்.

சேர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு பாலம் தேவை. புதிய பள்ளியின் ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் அரைப்பக்கக் குறிப்பு கொடுத்தனுப்பலாம்: வாசிப்பு நிலை, கணக்கில் நின்ற இடம், பிள்ளைக்குப் பிடித்த வேலை, கவனிக்க வேண்டிய உடல்நிலை. குறைகளின் பட்டியலாக அல்லாமல், அறிமுகக் கடிதமாக அது இருக்க வேண்டும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஏப்ரலில் ஒரு நாள் அருகிலுள்ள தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பை அழைத்து உங்கள் ஆய்வகத்தையும் நூலகத்தையும் காட்டுங்கள். ஒருமுறை உள்ளே வந்து பார்த்த வாசல் பிள்ளைக்குப் பயம் தராது.

எட்டாம் வகுப்பில் இதே பாடத்தை நடத்தும்போது, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 9ஆம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளிக்குப் போவதா, 12 வரை உள்ள மேல்நிலைப் பள்ளிக்குப் போவதா என்ற கேள்வியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பில் கேள்வி பாடப் பிரிவைப் பற்றியது. எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் எல்லாப் பிரிவுகளும் இருப்பதில்லை. மீன்வளம், செவிலியம், கணினி என்று மாணவர் நினைத்திருக்கும் படிப்புக்கு எந்தப் பிரிவு வேண்டும் என்பதைப் பொதுத்தேர்வு முடிவு வருவதற்கு முன்பே பேசிவிட்டால், அருகில் இருக்கிறது என்பதற்காக ஏதோ ஒரு பிரிவில் சேரும் நிலை குறையும்.

இந்தப் பாடத்துக்குத் தேவையானவை ஒரு பகுதி வரைபடம், ஒரு கவராயம், பத்துப் பதினைந்து வெள்ளைத் தாள்கள், ஒரு மாலை நேரம். வரும் பிப்ரவரியில் தங்கள் வகுப்பில் தொடங்கிப் பாருங்கள். ஜூன் இறுதியில் பொதுத் தொகுப்பில் நம் பள்ளிப் பிள்ளையின் பெயர் ஒன்றுகூட நிற்கவில்லை என்றால், இந்தப் பாடம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.